கருவியில் கலந்த கள்ளம்

கடையில்தானே இறக்கினோம்?

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுப் பக்கம் போகும் சாலையில் தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது கோபாலபுரம். வீட்டில் பேசுவது தமிழ், அரசு அலுவலகத்தில் நீட்டும் காகிதம் மலையாளம். ரேஷன் கார்டு கேரளத்துடையது, பிள்ளை படிக்கும் கல்லூரி பொள்ளாச்சியிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும். சாதிச் சான்று, வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல் என்று ஏதாவது ஒரு தாளை எல்லையின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இடுக்கியின் தோட்டப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே பாடுதான். தாளைப் போனில் படம்பிடித்து, ஓரம் வெட்டி, பிடிஎஃப் ஆக்கித் தரும் செயலி இவர்களுக்கு அன்றாடத் தேவை. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை அந்தச் செயலி பெரும்பாலும் கேம்ஸ்கேனர்தான்.

2019 ஆகஸ்டில் காஸ்பர்ஸ்கி என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். கூகுள் பிளே ஸ்டோரில் 10 கோடி முறைக்கு மேல் இறக்கப்பட்ட கேம்ஸ்கேனரின் ஆண்ட்ராய்டு வடிவத்துக்குள் கள்ள நிரல் ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து வேறு நிரல்களை இறக்கி ஓட்டும் திறன் அதற்கு உண்டு. கூகுள் உடனே செயலியைக் கடையிலிருந்து எடுத்தது. விளம்பரம் காட்டுவதற்காக வேறொரு நிறுவனத்திடமிருந்து வாங்கிச் சேர்த்த பகுதியில்தான் கோளாறு என்று கேம்ஸ்கேனர் விளக்கம் சொன்னது. அந்தப் பகுதியை நீக்கிய பிறகு செயலி கடைக்குத் திரும்பியது. (2020 ஜூனில் இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் கேம்ஸ்கேனரும் ஒன்று. அந்தத் தடைக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

பலர் மறந்துவிட்ட ஒன்று உண்டு. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 2015இல், இதே கேம்ஸ்கேனரின் ஐபோன் வடிவத்திலும் வேறொரு கள்ள நிரல் சிக்கியிருந்தது.

சாதாரண வாசகர் கேட்கும் கேள்வி நியாயமானது. தெரியாத சுட்டியைத் தொடவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த கோப்பை நிறுவவில்லை. கூகுளும் ஆப்பிளும் சோதித்து வைத்திருக்கும் கடையிலிருந்துதான் இறக்கினோம். செய்த நிறுவனமும் பெயர்பெற்றது. பிறகு எந்த வழியாகக் கள்ளம் உள்ளே வந்தது?

2015ஆம் ஆண்டுச் சம்பவத்தில் இதற்கான விடை முழுமையாக இருக்கிறது. அங்கே செயலியை எழுதியவர்கள் யாரும் கள்ள நிரலை எழுதவில்லை. அவர்கள் எழுதிய வரிகளை எத்தனை முறை படித்தாலும் குற்றம் எதுவும் தெரியாது. செயலியைச் செய்துகொடுத்த கருவிக்குள்ளேயே கள்ளம் இருந்தது.

எழுதுவது ஒன்று, ஓடுவது வேறு

இதைப் புரிந்துகொள்ள, செயலி எப்படி உருவாகிறது என்று ஒரு முறை பார்த்துவிடுவோம். பொள்ளாச்சிச் சந்தையின் அன்றைய தேங்காய் விலையைக் காட்டும் ஒரு சிறு ஐபோன் செயலியை ஒரு கல்லூரி மாணவி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விலையை எங்கிருந்து எடுப்பது, திரையில் எப்படிக் காட்டுவது, இணையம் இல்லாவிட்டால் என்ன சொல்வது என்று மொத்தம் 300 வரிகள். மனிதர் படித்தால் புரியும்படி எழுதிய இந்த வரிகளுக்கு மூலநிரல் என்று பெயர்.

போனுக்கு மூலநிரல் புரியாது. அதன் மூளையாகிய சில்லுக்குப் புரிவது எண்களால் ஆன கட்டளைகள் மட்டும். மூலநிரலை அந்தக் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருளைத் தொகுப்பி என்கிறோம். மாற்றிய பிறகும் வேலை முடிவதில்லை. பொத்தானை வரைவது, எழுத்தைக் காட்டுவது, இணையத்தோடு பேசுவது ஆகியவற்றுக்கான ஆயத்தப் பகுதிகளை வேறு யாரோ ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள். நூலகங்கள் எனப்படும் அந்தப் பகுதிகளை மாணவியின் வரிகளோடு கோத்துத் தருவது இணைப்பி என்ற இன்னொரு மென்பொருள். எல்லாம் சேர்ந்த பொதியின் மேல் கடைசியாக மாணவியின் மின்கையொப்பம் விழுகிறது. இது இன்னார் தந்தது, இடையில் யாரும் மாற்றவில்லை என்று கணிதத்தால் உறுதி செய்யும் அடையாளம் அது.

தொகுப்பி, இணைப்பி, நூலகங்கள், கையொப்பம் இடும் வசதி எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்து ஆப்பிள் இலவசமாகத் தருகிறது. அந்தப் பெட்டியின் பெயர் எக்ஸ்கோட். ஆண்ட்ராய்டு செயலிகளுக்குக் கூகுள் தரும் பெட்டி ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ. இந்தப் பெட்டியைத்தான் இந்த அத்தியாயத்தில் உருவாக்கு கருவி என்று சொல்கிறேன்.

மாணவி எழுதியது 300 வரிகள். அவருடைய செயலி ஓடும்போது போனில் ஓடுவதோ அதைப் போலப் பல மடங்கு. மிச்சம் எல்லாம் கருவி சேர்த்துத் தந்தவை. அவற்றை அவர் படிப்பதில்லை, படிக்கவும் முடியாது. உலகத்தில் எந்தப் பெரிய நிறுவனத்தின் நிரலாளரும் அதை முழுக்கப் படித்ததில்லை.

மூன்று ஜிபியும் மெதுவான இணையமும்

2015இல் எக்ஸ்கோட்டின் அளவு ஏறத்தாழ மூன்று ஜிபி. அது இருந்தது ஆப்பிளின் சர்வர்களில். சீனாவிலிருந்து வெளிநாட்டு சர்வர்களை அணுகுவது அப்போது மிக மெதுவாக இருந்தது. இறக்கம் பாதியில் நின்று மறுபடி தொடங்கும். வேலைக்கு அவசரம். எனவே அங்கிருந்த நிரலாளர்கள் பலர் பைடு நிறுவனத்தின் கோப்புச் சேமிப்புத் தளத்தில் யாரோ ஏற்றி வைத்திருந்த எக்ஸ்கோட் பிரதிகளை எடுத்துக்கொண்டார்கள். உள்நாட்டு சர்வர் என்பதால் வேகமாக இறங்கியது. திறந்து பார்த்தால் அசல் எக்ஸ்கோட் போலவே வேலை செய்தது.

அது அசலும்தான், கூடவே ஒரு சின்னச் சேர்க்கை இருந்தது.

அந்த ஆண்டு செப்டம்பரில் சீன நிரலாளர்கள் முதலில் சந்தேகப்பட்டார்கள். அலிபாபாவின் ஆய்வாளர்கள் ஆராய்ந்து அதற்கு எக்ஸ்கோட்கோஸ்ட் என்று பெயரிட்டார்கள். செப்டம்பர் 17 அன்று பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் நிறுவனத்தின் கிளாட் ஷியாவ் விரிவான ஆய்வை வெளியிட்டதும் உலகம் முழுக்கச் செய்தி பரவியது. மாசுபட்ட செயலிகளின் பட்டியலில் சிறு விளையாட்டுகள் மட்டும் இருக்கவில்லை. பல கோடிப் பேர் பயன்படுத்தும் வீசாட்டின் 6.2.5 பதிப்பு, சீன ரயில்வேயின் டிக்கெட் செயலி, டிடி டாக்சி செயலி, நெட்ஈஸ் மியூசிக், சீனாவுக்கு வெளியிலும் புழக்கத்தில் இருந்த வின்ஜிப், கேம்ஸ்கேனர் எல்லாம் இருந்தன. வீசாட் போன்ற ஒரு நிறுவனத்தின் கணினியிலேயே இந்தப் பிரதி நுழைந்தது என்றால், இது யாரோ ஓரிருவரின் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. நேர்வழி நொண்டியடித்தால், நல்லவர்களும் சுற்றுவழியில்தான் போவார்கள். இந்தச் சம்பவத்தைப் பற்றி நான் திரும்பத் திரும்ப யோசிப்பது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

ஆப்பிளுக்கும் அது புரிந்தது. அமெரிக்காவில் 25 நிமிடத்தில் இறங்கும் எக்ஸ்கோட் சீனாவில் அதைப் போல மூன்று மடங்கு நேரம் எடுக்கக்கூடும் என்று ஆப்பிளின் மூத்த அதிகாரி பில் ஷில்லர் சீனாவின் சினா ஊடகத்திடம் ஒப்புக்கொண்டார். சீனாவுக்குள்ளேயே சர்வர் வைத்துத் தருவோம் என்றும் அறிவித்தார்.

தேங்காய் விலைச் செயலிக்குள் என்ன நுழைகிறது?

இப்போது நம் மாணவியின் மடிக்கணினியில் இருப்பது அந்த மாசுபட்ட எக்ஸ்கோட் என்று வைத்து, படிப்படியாகப் பார்ப்போம்.

கள்ளர் செய்த மாற்றங்கள் இரண்டே. எக்ஸ்கோட் பெட்டிக்குள் ஆயிரக்கணக்கான கோப்புகள் அடுக்கடுக்கான உறைகளில் கிடக்கின்றன. அவற்றின் நடுவே கோர்சர்வீஸ் என்ற பெயரில் ஒரு புதிய கோப்பை வைத்தார். ஆப்பிளின் சொந்த நூலகம் ஒன்றின் பெயரைப் போலவே இருந்ததால், கண்ணில் பட்டாலும் யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டாவதாக, இணைப்பி எதையெதைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லும் அமைப்புக் கோப்பில் ஒரு சிறு திருத்தம் செய்தார்: எந்தச் செயலியைக் கோத்தாலும் இந்தக் கோப்பையும் கட்டாயம் சேர்த்துக்கொள்.

மாணவி தன் 300 வரிகளை எழுதி முடித்து, உருவாக்கு என்ற பொத்தானை அழுத்துகிறார். தொகுப்பி ஒழுங்காக மொழிமாற்றுகிறது. இணைப்பி ஆப்பிளின் நூலகங்களைக் கோக்கிறது, கூடவே அந்தக் கோப்பையும். எச்சரிக்கை எதுவும் வராது, பிழையும் இல்லை. பிறகு மாணவியே தன் மின்கையொப்பத்தை இடுகிறார். கள்ள நிரலுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கையொப்பம் விழுகிறது. தன் மூலநிரலை அவர் பத்து முறை சரிபார்த்தாலும் பயனில்லை. மாற்றம் அந்த வரிகளில் இல்லை, அவை கோக்கப்பட்ட இடத்தில் இருக்கிறது.

செயலி கடைக்குப் போகிறது. கோபாலபுரத்தில் ஒரு தென்னை விவசாயி அதை இறக்கித் திறக்கிறார். தேங்காய் விலை திரையில் வருகிறது. அதற்கு முன்பே, செயலி திறந்த கணத்திலேயே, ஒட்டிக்கொண்ட நிரல் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. செயலியின் பெயர், நேரம், போனின் வகை, போனுக்கு உரிமையாளர் வைத்த பெயர், மொழி, நாடு, எந்த வகை இணைய இணைப்பு, அந்தச் சாதனத்துக்கான ஒரு தனி எண் என்று திரட்டி, மறைகுறியாக்கி, ஒரு சர்வருக்கு அனுப்புகிறது. அந்த சர்வரின் பெயரும் கவனமாகத் தேர்ந்தது: ஐகிளவுட் அனாலிசிஸ். இணையப் போக்குவரத்தைப் பார்க்கும் ஒருவர், ஆப்பிளின் ஏதோ புள்ளிவிவரச் சேவை போலிருக்கிறது என்று கடந்து போய்விடுவார்.

இதுவரை நடந்தது தகவல் திரட்டல். இதைவிடப் பெரிய ஆபத்து சர்வரிலிருந்து திரும்பி வரக்கூடிய பதிலில் இருந்தது. பதிலில் வரும் கட்டளைப்படி ஓர் அறிவிப்புப் பெட்டியைத் திரையில் காட்டவும், ஒரு முகவரியைத் திறக்கவும் அந்த நிரலால் முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். உங்கள் ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லை மறுபடி இடுங்கள் என்று ஒரு பெட்டி வந்தால், விவசாயி இடுவாரா மாட்டாரா? அது தேங்காய் விலைச் செயலிக்குள்ளிருந்து வருகிறது. செயலி நம்பகமானது. பெட்டியும் ஆப்பிளுடையது போலவே இருக்கிறது. இந்தத் திறனைத் தீய காரியத்துக்குப் பயன்படுத்தியதாகத் தங்களிடம் தகவல் எதுவும் இல்லை என்று ஆப்பிள் சொன்னது. வாசல் திறந்திருந்தது, யாரும் நுழைந்ததாகத் தெரியவில்லை என்பதுதான் நிலைமை.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். ஐபோனும் ஆண்ட்ராய்டும் ஒவ்வொரு செயலியையும் தனி அறையில் பூட்டித்தான் ஓட்டுகின்றன. தேங்காய் விலைச் செயலிக்குள் இருக்கும் கள்ள நிரல் பக்கத்தில் இருக்கும் வங்கிச் செயலியின் கோப்புகளைத் தொட முடியாது. அது பெரிய பாதுகாப்பு. ஆனால் அந்த அறைக்குள் இருக்கும் எல்லா வரிகளுக்கும் ஒரே உரிமைதான். கேமராவையோ தொடர்புப் பட்டியலையோ இருப்பிடத்தையோ பார்க்க நீங்கள் தரும் அனுமதி செயலி முழுமைக்கும் தரப்படுகிறது. மாணவி எழுதிய வரிக்கு உண்டு, ஒட்டிக்கொண்ட வரிக்கு இல்லை என்று போன் பிரித்துப் பார்ப்பதில்லை. சான்றிதழ்களைப் படம்பிடிக்கும் கேம்ஸ்கேனர் போன்ற ஒரு செயலி மாசுபடுவது அதனால்தான் தேங்காய் விலைச் செயலி மாசுபடுவதைவிடக் கவலைக்குரியது. அதற்குக் கேமரா உண்டு, கோப்புகள் உண்டு, அந்தக் கோப்புகளில் ஆதார் அட்டையின் படமும் இருக்கலாம்.

மீனாட்சிபுரத்துப் பால் சோதனை

அப்படியானால் ஆப்பிளின் சோதனை ஏன் இதைப் பிடிக்கவில்லை?

கோபாலபுரத்தைப் போலவே பாலக்காட்டு எல்லையில் இருக்கும் இன்னோர் ஊர் மீனாட்சிபுரம். தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்குள் வரும் பால் வண்டிகளை நிறுத்தி, மாதிரி எடுத்துச் சோதிக்க அங்கே கேரள பால்வளத் துறையின் சோதனைச்சாவடி இருக்கிறது. கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் கலந்திருக்கிறதா, யூரியா போன்ற தெரிந்த கலப்படங்கள் உண்டா என்று பார்க்கிறார்கள். அது அவசியமான வேலை. ஆனால் எந்தச் சோதனையும் தான் தேடும் பொருளைத்தான் கண்டுபிடிக்கும். 2008இல் சீனாவில் குழந்தைகளின் பால்மாவில் மெலமைன் கலந்தபோது, வழக்கமான சோதனை ஏமாந்தது அப்படித்தான். அந்தச் சோதனை நைட்ரஜனை அளந்து புரதத்தைக் கணக்கிட்டது. மெலமைனில் நைட்ரஜன் ஏராளம்.

செயலிக்கடையின் சோதனையும் அத்தகையது. செயலி திறக்கிறதா, சொன்ன வேலையைச் செய்கிறதா, தெரிந்த தீய நிரல்களின் தடயம் இருக்கிறதா, தடை செய்யப்பட்ட வசதிகளைத் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். எக்ஸ்கோட்கோஸ்ட் தடை செய்யப்பட்ட எதையும் தொடவில்லை. போனின் வகையை அறிவதும், நாட்டை அறிவதும், ஒரு சர்வருக்குத் தகவல் அனுப்புவதும் ஆயிரம் நேர்மையான செயலிகள் தினமும் செய்பவை. அறிவிப்புப் பெட்டி காட்டுவதும் அப்படியே. கள்ள நிரல் செய்த ஒவ்வொரு காரியமும் தனித்தனியாக அனுமதிக்கப்பட்டதுதான். யாருக்காகச் செய்கிறது என்பது மட்டும்தான் தப்பு. அதைக் காட்டித்தரும் கருவி எந்தச் சாவடியிலும் இல்லை.

இன்னொரு காவலும் இருந்தது. மேக் கணினியே தன்னில் நிறுவப்படும் மென்பொருளின் மின்கையொப்பத்தைச் சோதிக்கும். மாற்றப்பட்ட எக்ஸ்கோட்டில் ஆப்பிளின் கையொப்பம் பொருந்தாது. அந்தக் காவலைத் தாண்டி நிறுவியவர்கள் எச்சரிக்கையைப் புறக்கணித்திருக்க வேண்டும், அல்லது காவலையே அணைத்திருக்க வேண்டும். தினமும் பத்து எச்சரிக்கைப் பெட்டிகளுக்குச் சரி என்று அழுத்திப் பழகிய விரல்கள் பதினொன்றாவதற்கும் அழுத்தின.

1984இல் வந்த எச்சரிக்கை

இந்த ஆபத்து யாரும் எதிர்பாராதது என்று சொல்லிவிட முடியாது. யுனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சனுக்கும் டென்னிஸ் ரிட்சிக்கும் 1983ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. விருது உரையாகத் தாம்சன் தந்து 1984இல் அச்சான சில பக்கங்கள் கணினிப் பாதுகாப்பைப் பயில்வோர் இன்றும் படிப்பவை.

அவர் காட்டிய வித்தை இதுதான். ஒரு தொகுப்பியை மாற்றி, பயனரின் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் நிரல் வரும்போது மட்டும் ஒரு ரகசியக் கதவைச் சேர்க்கும்படி செய்யலாம். ஆனால் தொகுப்பியின் மூலநிரலைப் படிப்பவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். அதற்கும் ஒரு வழி சொன்னார். தொகுப்பியும் ஒரு நிரல்தான். புதிய தொகுப்பியை உருவாக்குவதும் பழைய தொகுப்பியே. ஆகவே, தொகுப்பியின் மூலநிரல் உள்ளே வரும்போது இந்த இரு தந்திரங்களையும் மறுபடி சேர்க்கும்படி அதற்குக் கற்றுக்கொடுத்துவிடலாம். பிறகு மூலநிரலிலிருந்து எல்லாக் கள்ள வரிகளையும் அழித்துவிடலாம். இப்போது எல்லா மூலநிரலும் தூய்மை. ஆனால் அந்தத் தொகுப்பியின் வழி பிறக்கும் ஒவ்வொரு புதிய தொகுப்பியும் மாசுபட்டே பிறக்கும்.

நீங்களே முழுக்க எழுதாத நிரலை நம்ப முடியாது என்பது அவர் வந்துசேர்ந்த முடிவு. இந்த யோசனையின் விதை மல்டிக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பற்றி அமெரிக்க விமானப்படை 1970களில் செய்த பாதுகாப்பு ஆய்வில் இருந்தது என்றும் அவரே குறிப்பிட்டிருக்கிறார்.

உளவு அமைப்புகளும் இதைக் கவனித்திருந்தன. எக்ஸ்கோட்கோஸ்ட் வெளிப்படுவதற்கு ஆறு மாதம் முன்பு, 2015 மார்ச்சில், எட்வர்ட் ஸ்னோடென் தந்த ஆவணங்களின் அடிப்படையில் தி இன்டர்செப்ட் இதழ் ஒரு செய்தி வெளியிட்டது. அமெரிக்க உளவுத்துறையான சிஐஏ ஆதரவில் நடந்த ரகசிய மாநாட்டில், எக்ஸ்கோட்டையே மாற்றி அதன் வழி உருவாகும் செயலிகளில் ஒற்று நிரலைப் புகுத்தும் முறையை ஆய்வாளர்கள் விளக்கினார்கள் என்பது அந்தச் செய்தி.

இந்தியாவின் 103 முகவரிகள்

எக்ஸ்கோட்கோஸ்ட் பெரும்பாலும் சீனாவைத் தாக்கியது. அடுத்தது நம் பக்கம் வந்தது.

2020 ஆகஸ்டில் டிரெண்ட் மைக்ரோ நிறுவனம் எக்ஸ்சிஎஸ்செட் என்ற கள்ள நிரலை அறிவித்தது. இது எக்ஸ்கோட்டைத் தொடவில்லை. நிரலாளர் எழுதிக்கொண்டிருக்கும் செயலியின் கோப்புறைக்குள், மூலநிரலுக்குப் பக்கத்தில் இருக்கும் அமைப்புக் கோப்புகளில் ஒளிந்துகொண்டது. உருவாக்கு பொத்தானை அழுத்தும்போதெல்லாம் நிரலாளரின் சொந்தக் கணினியிலேயே ஓடும். சஃபாரி உலாவியில் சேமித்த உள்நுழைவுத் தகவல்கள், டெலிகிராம், ஸ்கைப், வீசாட், நோட்ஸ் போன்றவற்றின் தரவுகள் எல்லாம் அதன் குறி. கிட்ஹப்பில் மற்றவர்கள் எடுத்துக்கொள்ளும்படி வைக்கப்பட்ட சில திட்டங்களிலும் இது இருந்தது. அப்படிப்பட்ட ஒரு திட்டத்தை நம்பி எடுத்த அடுத்த நிரலாளரின் கணினிக்கும் அது போய்ச் சேரும்.

டிரெண்ட் மைக்ரோ கண்டெடுத்த பட்டியல் ஒன்றில், பாதிக்கப்பட்ட 380 கணினிகளின் இணைய முகவரிகள் இருந்தன. சீனாவுக்கு 152, இந்தியாவுக்கு 103. ஏறத்தாழ நான்கில் ஒன்று. உலகத்துக்குச் செயலி எழுதித் தரும் நாடு இது. பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் படித்த பிள்ளைகள் கோயம்புத்தூரிலும் கொச்சியிலும் பெங்களூருவிலும் செய்யும் வேலையும் இதுவே. ஒரு நிரலாளரின் மடிக்கணினி மாசுபட்டால் பாதிக்கப்படுவது அவர் மட்டுமில்லை, அவர் எழுதும் செயலியை நாளை இறக்கப்போகும் எல்லோரும்தான். கள்ளர்கள் பயனரை விட்டு நிரலாளரைக் குறிவைப்பதன் கணக்கு அது.

எக்ஸ்சிஎஸ்செட் அதோடு ஓயவில்லை. 2021 மேயில், அது பயன்படுத்திய ஒரு ஓட்டையை மேக்கின் 11.4 பதிப்பில் ஆப்பிள் அடைத்தது. 2025 பிப்ரவரியில் அதன் புதிய வடிவம் ஒன்றைக் கண்டதாக மைக்ரோசாஃப்ட் எச்சரித்தது.

12.8 கோடிப் பேருக்கு யார் சொன்னது?

எக்ஸ்கோட்கோஸ்ட் எத்தனை பேரைத் தொட்டது என்று 2015இல் ஆளுக்கு ஓர் எண் சொன்னார்கள். முதலில் 39 செயலிகள் என்றார்கள், பிறகு நூற்றுக்கணக்கில், பிறகு ஆயிரக்கணக்கில். ஆப்பிள் கணக்குச் சொல்லவில்லை. ஆறு ஆண்டு கழித்து, 2021இல், எபிக் கேம்ஸ் நிறுவனம் ஆப்பிள் மீது தொடுத்த வழக்கில் ஆப்பிளின் உள்மின்னஞ்சல்கள் நீதிமன்றத்துக்கு வந்தன. அவற்றில் எண்கள் இருந்தன: 2,500க்கு மேற்பட்ட செயலிகள், 20.3 கோடி இறக்கங்கள், 12.8 கோடிப் பயனர்கள்.

இத்தனை பேருக்கும் மின்னஞ்சல் அனுப்புவதா, எத்தனை மொழியில் அனுப்புவது என்ற பேச்சும் அந்த மின்னஞ்சல்களில் இருந்தது. வெளியில் தெரிய நடந்தது, ஆப்பிள் தன் தளத்தில் கேள்வி பதிலாக ஒரு விளக்கப் பக்கம் போட்டு, அதிகம் புழங்கிய 25 செயலிகளின் பெயரைச் சொன்னதுதான். இது போதாது என்று உறுதியாகச் சொல்வேன். ஒருவரின் போனில் அவருக்குத் தெரியாமல் ஒன்று ஓடியது என்றால், அதை அவருடைய மொழியில் அவருக்கே சொல்ல வேண்டும். தமிழில் போனைப் பயன்படுத்துபவருக்குத் தமிழில். எந்தச் செயலியை எப்போது யார் இறக்கினார்கள் என்ற கணக்கு கடைக்காரர் கையில் இருக்கும்போது, சொல்ல முடியவில்லை என்பதற்குக் காரணமே இல்லை.

இரண்டு முறை செய்து ஒப்பிடுதல்

தாம்சனின் புதிருக்கு விடை உண்டா? உண்டு. டேவிட் வீலர் என்பவர் 2005இல் ஒரு வழி சொன்னார். சந்தேகத்துக்குரிய தொகுப்பியின் மூலநிரலை, அதோடு தொடர்பே இல்லாத வேறொருவர் செய்த தொகுப்பியால் உருவாக்குங்கள். அப்படிப் பிறந்ததைக் கொண்டு அதே மூலநிரலை மறுபடி உருவாக்குங்கள். கடைசியில் கிடைப்பது சந்தேகத்துக்குரிய தொகுப்பியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் கள்ளம் இல்லை. வேறுபட்டால் ஆராய வேண்டும். இரண்டு தொகுப்பிகளிலும் ஒரே கள்ளர் ஒரே தந்திரத்தைப் புகுத்தியிருந்தால் மட்டுமே இது ஏமாறும்.

இதே எண்ணம் இப்போது பெரிய அளவில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒரே மூலநிரலை யார், எங்கே, எப்போது உருவாக்கினாலும் அச்சு அசலாக ஒரே பொதி கிடைக்கும்படி செய்வதை மறுஉருவாக்கம் என்று சொல்லலாம். டெபியன் லினக்ஸ் குழு பல ஆண்டுகளாக இதற்கு உழைக்கிறது. ஆண்ட்ராய்டுக்கான எஃப்-டிராய்டு செயலித் தொகுப்பும் இதை ஊக்குவிக்கிறது. மாணவியின் தேங்காய் விலைச் செயலியை வேறு ஒருவர் அசல் எக்ஸ்கோட்டில் உருவாக்கி ஒப்பிட்டிருந்தால், இரண்டு பொதிகளும் ஒத்துப்போகாதது அன்றே தெரிந்திருக்கும்.

இந்தப் பழக்கம் இல்லாததன் விலையை 2024 மார்ச்சில் உலகம் ஏறத்தாழக் கொடுத்துவிட்டது. லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் எக்ஸ்இசட் என்ற சுருக்கி மென்பொருளில் ஒரு ரகசியக் கதவு புகுந்திருந்தது. எல்லோரும் பார்க்கும்படி இருந்த மூலநிரலில் அதை இயக்கிவைக்கும் பகுதி இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டிய பொதியில், உருவாக்கும் கட்டத்தில் ஓடும் கட்டளைக் கோப்பில் அது இருந்தது. ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி அதிகமாவதைக் கவனித்து, விடாமல் துருவி, மார்ச் 29 அன்று உலகத்தை எச்சரித்தார். அந்தப் பதிப்பு பெரும்பாலான சர்வர்களுக்குப் போகுமுன் தடுக்கப்பட்டது. ஒருவரின் பொறுமையால் தப்பினோம்.

நம் நாட்டில், ஒரு மென்பொருளுக்குள் எந்தெந்தப் பகுதிகள் யாரிடமிருந்து வந்தவை என்ற பட்டியலைத் தயாரித்து வைக்கச் சொல்லும் வழிகாட்டுதலை இந்தியக் கணினி அவசரகாலக் குழுவான செர்ட்-இன் 2024 அக்டோபரில் வெளியிட்டது. விளம்பரப் பகுதியில் கள்ளம் வந்த கேம்ஸ்கேனர் போன்ற சம்பவங்களுக்கு அந்தப் பட்டியல் நேரடியாக உதவும்: கெட்டுப்போன பகுதி இன்னது என்று தெரிந்ததும், அதைச் சேர்த்திருக்கும் செயலிகள் எவை என்று உடனே தேடிவிடலாம்.

கல்லூரி ஆய்வகத்தில்

பயனர் செய்யக்கூடியது கொஞ்சம்தான், அதை மறைக்க விரும்பவில்லை. தேவையற்ற செயலிகளை நீக்கலாம், விளக்கு எரிக்கும் செயலிக்குத் தொடர்புப் பட்டியலைத் தர மறுக்கலாம், புதுப்பிப்பு வந்தால் தள்ளிப்போடாமல் நிறுவலாம். எக்ஸ்கோட்கோஸ்ட் வந்தபோது வீசாட் பயனர்களைக் காத்தது புதுப்பிப்புதான்.

அதிகம் செய்யக்கூடியவர்கள் எழுதுகிறவர்கள். நம் கல்லூரி ஆய்வகங்களில் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை ஒருவர் இறக்கி, பென் டிரைவில் போட்டு, நாற்பது பேர் நிறுவுவது சாதாரணம். சீனர்கள் பைடுவுக்குப் போன அதே காரணம்தான், இணையம் மெதுவாக இருக்கிறது. பென் டிரைவை நிறுத்தச் சொல்லிப் பயனில்லை. மாணவரிடம் வேறு வழி இல்லை. ஆனால் நிறுவுமுன் இரண்டு நிமிடம் செலவிடலாம். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் அதிகாரப்பூர்வ பக்கத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் எதிரே 64 எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு சரிபார்ப்பு எண் அச்சிட்டிருக்கிறது. கோப்பில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் இந்த எண் முழுக்க மாறிவிடும். பென் டிரைவில் இருக்கும் கோப்புக்கு அந்த எண்ணைக் கணக்கிடும் கட்டளை விண்டோஸிலேயே இருக்கிறது, லினக்ஸிலும் மேக்கிலும் உண்டு. பக்கத்தைத் திறக்கச் சில கேபி போதும். முழுக் கோப்பையும் மறுபடி இறக்க வேண்டியதில்லை. இரண்டு எண்களையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒப்பிட வேண்டும். ஒத்துப்போனால் நாற்பது பேரும் நிறுவலாம். ஒத்துப்போகாவிட்டால் அந்தப் பென் டிரைவை யாரும் தொடக் கூடாது, அதை எங்கிருந்து யார் கொண்டுவந்தார்கள் என்று அன்றைக்கே விசாரிக்க வேண்டும். ஆய்வகப் பொறுப்பாளர் அந்த 64 எழுத்துகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டுப் பாடத்தைத் தொடங்கலாம்.